குதிகாலில் தங்கிய முள்

நல்லிக்காட்டுப்புதூரில் சென்சாரின் முள் பாவாயியின் இடது குதிகாலுக்குள் ஒடிந்து தங்கியது ஒரு மார்கழிச் செவ்வாய்க்கிழமை. தலையில் மக்காச்சோளத் தட்டுக் கட்டைச் சுமந்து வருகிறவள் காலடியைப் பார்த்து நடக்க முடியாது. முடிந்திருந்தால், நிலத்துக்காரரான பண்ணாடி சென்னியப்பன் மண்ணிலிருந்து பிடுங்கித் துடைத்துவிட்டு, யாரோ போனில் கூப்பிட்டார்கள் என்று வரப்பிலேயே மல்லாக்கப் போட்டுவிட்டுப் போன கருவியை அவள் சுற்றிப் போயிருப்பாள், சுற்றிப் போயிருந்தால் இந்தக் கதையும் இல்லை. மூன்று முள்ளில் நடு முள் உள்ளே போய் ஒடிந்துகொண்டது. பாவாயி கட்டைக் கீழே போடாமல் நொண்டிக்கொண்டே மாட்டுக் கொட்டகை வரைக்கும் வந்து, இறக்கி வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தாள். முள்வாங்கியால் நோண்டிப் பார்த்தார்கள், எருக்கம்பால் வைத்துக் கட்டிப் பார்த்தார்கள், கருவேல முள்ளுக்கும் கிளுவை முள்ளுக்கும் மசிகிற வைத்தியம் கம்பெனி முள்ளுக்கு மசியவில்லை. மூன்றாம் நாள் தோல் மூடிக்கொண்டு வலியும் நின்றுவிட்டது.

அந்தக் கருவி ஊருக்கே ஒன்றுதான் இருந்தது. கைத்தடி நீளத்துக்கு ஒரு குழாய், அடியில் மூன்று எஃகு முள், மண்ணிலோ தீவனத்திலோ குத்தி வைத்தால் அதன் ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பண்ணாடியின் போனுக்குள் இருக்கிற ஒரு பெண்குரல் மரியாதையாக எடுத்துச் சொல்லும். அதை வாங்கியதற்குக் காரணம் உண்டு. மக்காச்சோளத்தைக் கதிரோடு நறுக்கிப் பெரிய குழியில் கொட்டி, மிதித்து, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடி நாற்பத்தைந்து நாள் புளிக்க விட்டால் கோடை முழுக்க மாட்டுக்குத் தீனி, ஊறுகாய் போடுகிற சங்கதிதான், ஆனால் ஈரம் கூடினால் அழுகும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். போன வருஷம் பூஞ்சை பிடித்தது. பதினோரு நாளில் பத்தொன்பது மாடு செத்தது, அத்தனை மாட்டின் வாய் நுரையையும் துடைத்துவிட்டவள் பாவாயி, ஒவ்வொன்றின் பெயரும் அவளுக்கு இன்னும் தெரியும். அதற்கப்புறம்தான் தீவனச் சங்கத்தின் முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் கூடி அந்தக் கருவியை வரவழைத்தார்கள்.

முள் ஒடிந்ததும் கருவி செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, வியாழக்கிழமை காலையில் பண்ணாடியின் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்தப் பெண்குரல் ஈரம் தொண்ணூற்றெட்டு என்றது, கொஞ்ச நேரம் கழித்து ஈரம் பூஜ்யம் என்றது, மறுபடி தொண்ணூற்றெட்டு என்றது. பண்ணாடி அப்படி ஒன்றும் மூளை குறைந்தவர் இல்லை. பாவாயி கொட்டகையைக் கழுவும்போது தொண்ணூற்றெட்டு, கல்படியில் ஏறி நின்றால் பூஜ்யம் என்பதை மத்தியானத்துக்குள் கண்டுபிடித்து, அவளை உழுத காட்டில் நிற்கச் சொன்னார், குப்பைக்குழியில் நிற்கச் சொன்னார், மணலில் நிற்கச் சொன்னார், அவள் நின்றாள், போன் சொன்னது. பண்ணாடிச்சி மட்டும், இட்லி மாவு புளித்துவிட்டதா என்று இதில் பார்க்கலாமா என்று ஆசையாகக் கேட்டாள், கேட்ட வாயோடு அது யாருடைய கால் என்பது நினைவுக்கு வந்து பேச்சை மாற்றிக்கொண்டாள்.

கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் வந்தார். பாவாயியின் காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் படிவத்தில் கருவி பொருத்தப்பட்ட இடம் என்கிற கட்டத்தில் 'பாவாயி, இடது குதிகால்' என்று எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார். வாரண்டி முள்ளுக்கு உண்டு, காலுக்குக் கிடையாது என்றும் சொன்னார். தடி இருந்தால் ஒரு இடத்தைத்தான் அளக்கும், இது நடந்து போய் முப்பத்தாறு காட்டையும் அளக்கும், ஒருவகையில் உங்களுக்கு லாபம்தான் என்று அவர் சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

இனி ஊர் அவளை என்ன செய்வது என்கிற கேள்விதான் பாக்கி. பால் சொசைட்டி வாசலில் கூடிப் பேசினார்கள், அங்கே மாரியம்மன் கோயில் பூசாரிதான் வழி சொன்னார். அம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மூன்று கிளைக் கம்பம் ஒன்றைக் கோயில் முன்னால் நடுவார்கள், பதினைந்து நாளைக்குப் பெண்கள் விடிகாலையில் ஈரத்துணியோடு வந்து அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், கம்பம் நட்டிருக்கும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. இதுவும் மூன்று முள், இதுவும் நட்டாகிவிட்டது, வேறென்ன, அந்த முறைமையையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்றார் பூசாரி. அதுவரை ஏ பாவாயி என்றும் ஏ புள்ள என்றும் கூப்பிட்ட வாய்கள் அன்று சாயங்காலத்திலிருந்து பாவாயம்மா என்று கூப்பிட ஆரம்பித்தன. ஒடிந்த தடிக்குச் சந்தனம் பூசிக் கோயிலுக்குள் சாத்தி வைத்தார்கள், பாவாயியை மட்டும் வழக்கம்போல வாசலோடு நிறுத்தினார்கள்.

மறுநாள் விடிகாலையிலிருந்து முப்பத்தாறு வீட்டுப் பெண்களும் குடம் குடமாக மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து பாவாயியின் இடது காலில் ஊற்றினார்கள். மார்கழிக் குளிரில் அவளுக்குப் பல் கிட்டியது, ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் காலை யாரும் குனிந்து பார்த்ததில்லை. ஊறி ஊறி வெளுத்துப்போன அந்தக் காலோடு அவளை அறுத்துப் போட்ட முதல் பாரம் மக்காச்சோளத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள், போன் ஈரம் எண்பத்தொன்பது என்றது, அடடா இவ்வளவு ஈரத்தோடு குழியில் போட்டால் அழுகிவிடுமே என்று பயந்து மூன்று நாள் வெயிலில் பரப்பிக் காய வைத்தார்கள். நான்காம் நாள் அது மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற சக்கையாகக் கிடந்தது. ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்த்திருந்தால் எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும், போன் இருக்கும்போது எவன் குனிவான்.

தப்பு மஞ்சள் தண்ணீரில் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, சொன்னால் அம்மனைச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பாவாயியின் உடம்பிலேயே தண்ணீர் அதிகம் என்று முடிவு கட்டினார்கள். இன்ஜினியரும் வந்து, முள்ளுக்குத் தன் ஈரம் எது, அடுத்தவர் ஈரம் எது என்று தெரியாது, அதனால் பாவாயம்மா உலர்ந்த நிலையில் இருப்பது நல்லது என்றார். அன்றிலிருந்து அவளுக்கு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், குழம்பு ஊற்றாத சோறு. கொட்டகையைக் கழுவுகிற வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அழக்கூடாது என்பதையும் பண்ணாடிச்சி தனியாகக் கூப்பிட்டு நயமாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் அவள் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்து அந்தரத்தில் பூஜ்யம் பார்ப்பார்கள், அப்புறம் வாளித் தண்ணீரில் விட்டு நூறு பார்ப்பார்கள், பார்த்து முடிந்ததும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடைத்துவிடுவார்கள். மரியாதை ஏறிக்கொண்டே போனது, சோறு குறைந்துகொண்டே போனது, தாகத்தில் அவள் உதடு வெடித்தபோது அதற்குத் தேங்காயெண்ணெய் தடவலாமா என்று போனில் இன்ஜினியரைக் கேட்டுக்கொண்டு பிறகே தடவினார்கள்.

இவ்வளவையும் பாவாயி பொறுத்துக்கொண்டாள், ஏனென்றால் அவள் மனசு முழுக்க வேறொரு இடத்தில் இருந்தது. அவளுக்கு ஒரே மகள், கோகிலா. புருஷன் போனபிறகு தட்டுச் சுமந்து, களை வெட்டி, மாடு கழுவி வளர்த்த மகள். கிளாவலசில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம், அங்கே ஒரு தேங்காய்க் களத்தில் பருப்புக் காயப்போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், இப்போது வயிற்றில் பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அது ஏழை பணக்காரன் இல்லாத வழக்கம், ஒன்பதாம் மாசம் பிறந்ததும் மகளைக் கூட்டி வந்து உட்கார வைத்து வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட வேண்டும் என்று பாவாயி விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மார்கழி முடிகிற சமயம் கோகிலாவே பஸ் ஏறி அம்மாவைப் பார்க்க வந்துவிட்டாள். ஏழு முடிந்து எட்டு பிறக்கிற வயிறு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வரப்பில் அவள் நடந்து வருவதைத் தீவனக் குவியல் மேல் நின்றுகொண்டிருந்த பாவாயி பார்த்தாள், பார்த்த நிமிஷத்தில் போன் ஈரம் நான்கு கூடிவிட்டது என்றது. கோகிலா அம்மாவின் வெடித்த உதட்டைப் பார்த்து, இதென்னம்மா உன்னைக் கருவாடு போடுகிறார்களா என்று கேட்டு அழுதாள், அம்மாவும் அழுதாள், உப்பு பதினொன்று கூடியது. அன்று சாயங்காலம் வரைக்கும் எந்த எண்ணும் ஒரு நிலையில் நிற்கவில்லை. பண்ணாடி ஒன்றும் திட்டவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்குத் தன் பைக்கிலேயே கோகிலாவைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தை பத்தாம் தேதி குழி மூடுவதற்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் பாவாயி பண்ணாடி வீட்டுப் பின்கட்டில் போய் நின்றாள்.

"பண்ணாடிங்க, புள்ளைக்கு ஒம்பதாம் மாசம் பொறக்கப் போவுதுங்க. போயிக் கூட்டியாந்தர்றனுங்க."

சென்னியப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுகொண்டார். அவர் அவளிடம் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"குழி மூடி நாப்பத்தஞ்சு நாளு பாவாயம்மா. தெனமும் ரெண்டு வேளை உள்ள சூடு ஏறுதான்னு பாக்கோணும். நீங்க போனா ஆரு பாக்கறது? புள்ளய இங்க கூட்டியாந்தாலும் அன்னைக்கு ஆன மாதிரிதான ஆகும். போன வருசம் பத்தொம்பது மாடு. நீங்கதான தொடச்சுவுட்டீங்க."

பாவாயிக்கு அந்த மாடுகளின் கண் நினைவுக்கு வந்தது. சுழிக்காரி, மயிலை, ரெட்டை நாடி, அந்தக் கன்றுபோட்டு ஆறு நாளான செவலை. வாயில்லா ஜீவன்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாப்பத்தஞ்சு நாள்தானுங்களே," என்றாள்.

"குழி தொறந்த அன்னைக்கே நானே காரெடுத்துட்டுப் போயிக் கூட்டியாறேன்," என்றார் பண்ணாடி. அவர் அதை மனசாரத்தான் சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

குழியை மூடினார்கள். மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தாள், தாளின் மேல் பழைய டயர்கள், நட்டநடுவில் பாவாயியின் கால் நுழைகிற அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி அதற்கு ஒரு மூடி. காலையிலும் மாலையிலும் அவள் மூடியைத் திறந்து கணுக்கால் மறைய உள்ளே விட்டு நிற்பாள், காற்றுப் புகாமல் அவள் காலைச் சுற்றி டேப் ஒட்டுவார்கள், நிழலில்லாத அந்த மேட்டின் மேல் ஒற்றைக் காலை ஊன்றி அவள் நிற்க, கீழே வாசலில் உட்கார்ந்து முப்பத்தாறு பேரும் எண் கேட்பார்கள். காலுக்குக் கீழே தீவனம் புளிப்பதை அவள் தோலால் உணர்ந்தாள். முதல் வாரம் வெதுவெதுப்பாகி, இரண்டாம் வாரம் ஆறி, அப்புறம் தூங்குகிற குழந்தையின் வயிறுபோல ஒரே சூட்டில் நின்றது. அதைச் சொல்ல அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் போன் முந்திக்கொண்டது. குழந்தையின் வயிறு என்று தோன்றியதே அவளுக்குப் பயமாக இருந்தது, எண் மாறிவிடுமோ என்று அந்த நினைப்பையும் விழுங்கினாள்.

மகள் குரல் கேட்டாலும் எண் ஆடுகிறது என்று அவளுடைய பட்டன் போனைப் பண்ணாடிச்சி வாங்கி வைத்துக்கொண்டாள். கோகிலா கூப்பிட்டபோதெல்லாம் பண்ணாடிச்சி எடுத்து, அம்மா நல்லா இருக்கு கண்ணு, நீ ஒடம்பப் பாத்துக்க என்று ஆதரவாகப் பேசி வைப்பாள். களத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது தாய்தான், அதைச் சொல்லத் தாய்க்கு வழியில்லை, மாமியார் வீட்டில் சும்மா உட்கார வைத்துச் சோறு போட யாருமில்லை, அதனால் கோகிலா ஒன்பது மாச வயிற்றோடு கொதிக்கிற சிமெண்டுக் களத்தில் தேங்காய்ப் பருப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அந்தப் பட்டன் போன் அடித்தது. களத்திலேயே வலி கண்டு, வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ரத்தமெல்லாம் போய்விட்டது, தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை, பாவாயம்மாவை உடனே அனுப்புங்கள் என்று மருமகன் அழுதான். பண்ணாடிச்சி தலையில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள். அழுது முடித்து, போனை அணைத்து, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிட்டுப் புருஷனுக்கு ஆள் அனுப்பினாள்.

பால் சொசைட்டி வாசலில் மறுபடி கூடினார்கள். இன்னும் நான்கே நாள். இப்போது சொன்னால் அவள் போவாள், போகாவிட்டாலும் அழுவாள், கடைசி நாலு நாள் சூடு ஏறினால் குழிக்கே தீ பிடிக்கும் என்று ஒருவர் சொன்னார். போனவள் போய்விட்டாள், நாலு நாள் முன்னால் தெரிந்தால் என்ன, பின்னால் தெரிந்தால் என்ன என்று இன்னொருவர் சொன்னார். கம்பம் நட்டிருக்கும்போது ஊருக்குள் எழவுச் சேதி சொல்லக்கூடாது என்று பூசாரி சொன்னார், அப்படி ஒரு முறைமை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அதைக் கேட்டதும் எல்லோருக்கும் மனசு லேசானது. மருமகனுக்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் அடக்கம் செய்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நான்கு நாளும் நல்லிக்காட்டுப்புதூர் பாவாயியைத் தாங்கியது. தண்ணீர் ஒரு டம்ளர் கூடுதலாகக் கிடைத்தது, தயிர் வந்தது, ஒரு வீட்டிலிருந்து மல்லிகைப்பூ வந்தது. குழி திறக்கப் போகிறார்கள், அந்தச் சந்தோஷம் என்று பாவாயி நினைத்துக்கொண்டாள். தன் குடிசையைச் சாணி போட்டு மெழுகினாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்து இடிக்கப் பூண்டும் பனங்கருப்பட்டியும் எடுத்து வைத்தாள். பிறக்கிற குழந்தைக்கு மெத்தென்ற பழந்துணி வேண்டும், புதுத்துணி உடம்பை அறுக்கும், அதனால் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, பழைய வேட்டி இருந்தால் ஒன்று கொடுங்கள், புள்ளைக்குப் புள்ளை பிறக்கப் போகிறது என்று கேட்டாள்.

முப்பத்தாறு வீட்டிலும் கொடுத்தார்கள். ஒருவர்கூட இல்லையென்று சொல்லவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, உள்ளதில் மெல்லியதாகப் பார்த்து எடுத்து, மடித்து, அவள் முகத்தைப் பாராமல் கையில் வைத்தார்கள். சிலர் இரண்டு கொடுத்தார்கள். பண்ணாடிச்சி தன் மாமனாருடைய எட்டு முழ மல் வேட்டியையே கொடுத்துவிட்டாள். பாவாயி அத்தனையையும் கிழித்து, துவைத்து, வெயிலில் உலர்த்தி, ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு, இந்த ஊர் எவ்வளவு நல்ல ஊர் என்று நினைத்து நினைத்து நெஞ்சு நிறைந்துபோனாள். அந்த நான்கு நாளும் எண்கள் அப்படியே ஆடாமல் நின்றன.

மாசி இருபத்தைந்தாம் தேதி குழியைத் திறந்தார்கள். தாளை உருட்டியதும் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம் ஊரெல்லாம் பரவியது, கொட்டகையில் கட்டியிருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின, ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. மாடுகள் தின்பதைப் பாவாயி ஆசைதீரப் பார்த்தாள். பிறகு துணி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பண்ணாடியின் காரிடம் போய் நின்றாள். சென்னியப்பன் கையைக் கழுவினார், கழுவின கையை மறுபடியும் கழுவினார்.

"பாவாயம்மா, கோகிலா தவறிப்போச்சுங்க. கொழந்தையும்."

அவள் மூட்டையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எப்பங்க?"

"நாலு நாளாச்சு."

பாவாயி ஊரைப் பார்த்தாள். முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒவ்வொரு முகத்தின் வேட்டியும் அவள் மூட்டைக்குள் இருந்தது. அழுகை வரவில்லை. இத்தனை நாள் வராதே வராதே என்று அடக்கி வைத்தது, இப்போது வா என்றால் வர மாட்டேன் என்றது, அவளுக்கு உடம்பில் அழக்கூட ஈரம் மிச்சமில்லை. காரின் பின்கதவைப் பண்ணாடியே திறந்துவிட்டார், அவள் ஏறி உட்கார்ந்தாள்.

கிளாவலசில் புதைகாடு வாய்க்கால் கரையோரம் இருந்தது. வாய்க்கால் கசிவில் கோடையிலும் காயாத மண், அதில் ஒரு புது மேடு, மேட்டின் மேல் ஒரு வாடிய மாலை. மருமகன் தள்ளி நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பாவாயி மூட்டையை மேட்டின் தலைமாட்டில் வைத்தாள், வைத்துவிட்டு, தான் எங்கே நிற்கிறோம் என்று பார்க்காமல் மேட்டின் ஓரத்தில் இடது காலை ஊன்றினாள். பிளாஸ்டிக்கும் டேப்பும் இல்லாமல், யாருக்கும் எண் சொல்வதற்காக இல்லாமல், மகளைத் தொடுவதற்கு அவளுக்கு அந்த ஒரு கால்தான் இருந்தது.

பண்ணாடியின் சட்டைப் பைக்குள்ளிருந்து அந்தப் பெண்குரல் மரியாதையாகப் பேசியது. ஈரம் இருபத்து நான்கு. வெப்பம் இருபத்தொன்பது. உப்பு இயல்பு. சத்து மிக அதிகம். விதைக்கலாம்.

சென்னியப்பன் சட்டென்று பைக்குள் கையை விட்டார். அணைக்கத்தான் விட்டிருப்பார். ஆனால் எடுத்ததும் கண் எண்ணின் மேல் போய்விட்டது, போன கண் அங்கேயே நின்றது, கருவி வந்த நாளிலிருந்து அந்த மாதிரி எண்ணை அவர் பார்த்ததே இல்லை.

"நல்ல சத்தான மண்ணா இருக்குது மாப்ள," என்றார் மருமகனிடம், மெதுவாகத்தான். "இந்தக் கரையில மண்ணெடுக்க வுடுவாங்களா?"

பாவாயி காதில் அது விழுந்தது. அவள் திரும்பவில்லை. மேட்டிலிருந்து காலை எடுத்தபோது குதிகாலில் சுருக்கென்று ஒரு வலி, உடனே இத்தனை நாள் சுமையை இறக்கினமாதிரி ஒரு லேசு. குனிந்து காலைப் பார்த்தாள். தோல் பிளந்து ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது, உள்ளே ஒன்றுமில்லை. முள் மகளோடு தங்கிவிட்டது. முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்க போலாங்க என்று சொல்லிக் காரில் ஏறினாள், யாரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவளை எங்கே நிற்க வைத்தாலும் போன் ஒரே எண்ணைச் சொன்னது. தீவனத்தில் நின்றாலும் இருபத்து நான்கு, கொட்டகையில் நின்றாலும் இருபத்து நான்கு, காலையிலும் விதைக்கலாம், மாலையிலும் விதைக்கலாம். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு மிகவும் திருப்திப்பட்டார், இப்போதுதான் பாவாயம்மாவின் சொந்தச் சலனமெல்லாம் அடங்கி முள் நிலைப்பட்டிருக்கிறது, இனி எண்ணை முழுசாக நம்பலாம் என்றார். துக்கம் தீர்ந்துவிட்டது என்று பண்ணாடிச்சி புரிந்துகொண்டு சந்தோஷப்பட்டாள். கோயிலில் தடிக்கு இன்னொரு தரம் சந்தனம் பூசினார்கள்.

பங்குனியில் ஒரு தூறல்கூட இல்லை. சித்திரை பிறந்து பத்து நாளும் அப்படியே போனது. சித்திரை மழைக்கு மாட்டுத் தீனிக்கான தட்டுச்சோளம் விதைப்பது ஊர் வழக்கம், மழை வராவிட்டால் விதைக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான், ஆனால் போன் நாள் தவறாமல் விதைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்க, அடியில் ஈரம் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியவில்லை, முள்ளுக்குத் தெரிகிறது என்று ஊர் பேச ஆரம்பித்தது. முப்பத்தாறு பேரும் விதையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று பாவாயியைப் பண்ணாடியின் மேட்டுக்காட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

அவள் காட்டின் நடுவில் போய் நின்றாள். மண் பொரிந்துபோய் ஓட்டாஞ்சல்லி மாதிரிக் காலைச் சுட்டது, வெடிப்பில் அவள் சுண்டுவிரல் போகும், முழங்கை ஆழம் தோண்டினாலும் பொட்டு ஈரம் இருக்காது என்று உள்ளங்கால் வைத்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முள் வருவதற்கு முன்னாலும் அவளுக்குத் தெரியும், அறியாப் பருவத்திலிருந்தே அவள் காலுக்கு அது தெரியும். போன் இருபத்து நான்கு என்றது, விதைக்கலாம் என்றது. தடித்த ரப்பர் செருப்பு போட்டு நின்றிருந்த சென்னியப்பன் வானத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஏனோ ஒரு சந்தேகம் தட்டி அவளைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியுதுங்க பாவாயம்மா? ஈரமிருக்குதா?"

அந்தக் காடுகளில் அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு என்ன தெரிகிறது என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பாவாயி தீனியில்லாமல் தொழுவத்தில் நிற்கப்போகிற மாடுகளை நினைத்தாள், அப்போது மட்டும் மனசு தயங்கியது, மெழுகின குடிசையையும் இடிக்காத பூண்டையும் நினைத்தாள், வாய்க்கால் கரையில் நனைந்து கிடக்கும் துணி மூட்டையை நினைத்தாள்.

"அதுதான் சொல்லுதுங்களே பண்ணாடி," என்றாள். "தாராளமா வெதைங்க."

முப்பத்தாறு காட்டிலும் அன்றைக்கே விதைத்தார்கள்.